19-ஆம் நூற்றாண்டு டேனிஷ் ஜட்ஜோட வாழ்க்கையைத் தேடி எடுக்கறது எப்படி: நான் பட்ட பாடு நீங்க படாம இருக்க

முதல்ல ஒரு உண்மையை ஒத்துக்கறேன். நான் எழுதி வச்சிருந்த முதல் டிராஃப்ட்ல, கோபன்ஹேகன் சுப்ரீம் கோர்ட்ல ஜட்ஜா இருந்த ஒருத்தர் கிட்டத்தட்ட எழுபது வயசுல நிகரகுவா காட்டுல செடி பறிச்சுட்டு இருந்தார். நானும் அதை நம்பி, மனுஷன் என்ன ஒரு ஆளுன்னு ரெண்டு வரி பாராட்டி வேற எழுதியிருந்தேன். சிரஸ்தாரா இருந்து ரிட்டயர் ஆன எங்க பெரியப்பா கிட்ட படிக்கக் குடுத்தேன், அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏன்டா, ரெண்டு மூணு வருஷம் ஊர்ல இல்லன்னா லீவு சாங்ஷன் பண்ண ஆர்டர் எங்க?"

ஆர்டர் இல்ல. ஏன்னா போனது ஜட்ஜே இல்ல, அதே பேர்ல இருந்த அவர் சகோதரர் மகன்.

அங்கேர்ந்து திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சு ஏழெட்டு மாசம் ஆச்சு. டேனிஷ் மொழி தெரியாது, டென்மார்க் போனதும் இல்ல, எல்லாமே வீட்ல உக்காந்து லேப்டாப்ல பண்ணது. கட்டுரை எழுதறவங்க, சட்ட வரலாறு படிக்கறவங்க, சும்மா ஒரு ஆளைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னு கிறுக்குப் பிடிச்சவங்க, யாரா இருந்தாலும் கீழ சொல்ற வரிசையில போங்க. வரிசைதான் முக்கியம், நான் அதைத் தலைகீழா பண்ணித்தான் அவஸ்தைப்பட்டேன்.

உதாரணத்துக்கு முழுக்க ஒரே ஆளை எடுத்துக்கறேன். ஆண்டர்ஸ் சாண்டோ ஓயர்ஸ்டெட். காந்த ஊசி கரண்ட் கம்பி பக்கத்துல ஆடுதுன்னு 1820-ல கண்டுபிடிச்சாரே ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓயர்ஸ்டெட், அவரோட கூடப்பிறந்த தம்பி. ஜட்ஜா இருந்து, அப்புறம் அரசாங்கத்துக்குப் போயி, கடைசில பிரதம மந்திரி வரைக்கும் ஆனவர். பிரபலமான ஆளுங்கறதால கைப்பழக்கத்துக்கு நல்லது, தப்புப் பண்ணா உடனே தெரிஞ்சுடும். முதல் தடவையே யாருக்கும் தெரியாத கிராமத்து ஜட்ஜைத் தேடிப் போகாதீங்க.

1. ஆளு இவர்தானான்னு உறுதி பண்ணுங்க

ஒரு துண்டுச் சீட்டுல அஞ்சு விஷயம் எழுதி மானிட்டர் ஓரமா ஒட்டி வச்சுக்கோங்க. பிறந்த தேதி, பிறந்த ஊர், அப்பாவோட தொழில், மனைவி பேர், இறந்த தேதி. நம்ம ஆளுக்கு: 1778 டிசம்பர் 21, லாங்கெலேண்ட் தீவுல ரூட்கோபிங், அப்பா மருந்துக்கடைக்காரர், மனைவி சோஃபி (கவிஞர் ஓலன்ஷ்லேகரோட தங்கச்சி, 1802-ல கல்யாணம்), 1860 மே 1-ல மரணம்.

எந்த ஆவணம் கைக்கு வந்தாலும் இதுல ரெண்டாவது ஒத்துப்போகணும். பேர் மட்டும் ஒத்துப்போச்சுன்னு நோட்ல ஏத்தாதீங்க. டேனிஷ்காரங்களும் நம்மள மாதிரிதான், தாத்தா பேர், சித்தப்பா பேர்னு வீட்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி வைப்பாங்க. அந்த இன்னொரு ஆண்டர்ஸ் சாண்டோ ஓயர்ஸ்டெட் 1816-ல பிறந்த தாவரவியல்காரர், அவரும் அதே ரூட்கோபிங்தான், 1840-கள்ல மத்திய அமெரிக்கா போயிட்டு வந்தவர். பேரும் ஊரும் ஒண்ணு, அதனால பிறந்த ஊரை வச்சுக்கூட பிரிக்க முடியாது, வருஷம்தான் காப்பாத்தும். நிகரகுவாவுல அவர் செடி பறிச்சப்ப நம்ம ஜட்ஜ் கோபன்ஹேகன்ல மந்திரியா உக்காந்திருந்தார்.

2. 'ஜட்ஜ்'ங்கற வார்த்தையை மறந்துடுங்க

இதுல எனக்கு மூணு வாரம் போச்சு. டேனிஷ்ல ஜட்ஜுக்கு 'டோமர்'னு டிக்‌ஷனரில இருக்கு. அதைப் போட்டுத் தேடித்தேடி ஒண்ணுமே கிடைக்கல. ஏன்னா அந்தக் காலத்துல கிராமப்புறத்துல கேஸ் விசாரிச்சுத் தீர்ப்பு சொன்ன ஆளுக்குப் பதவிப் பேர் 'ஹெரெட்ஸ்ஃபோகெட்'. தேடும்போது இங்கிலீஷ் எழுத்துல இப்படி அடிங்க: எச்-இ-ஆர்-ஆர்-இ-டி-எஸ்-எஃப்-ஓ-ஜி-இ-டி. 'ஹெரெட்'ங்கறது பல சர்ச் வட்டங்கள் சேர்ந்த ஒரு பகுதி, நம்ம ஃபிர்க்கா, தாலுகா மாதிரின்னு வச்சுக்கலாம். டவுனுக்குன்னா 'பூஃபோகெட்' (பி-ஒய்-எஃப்-ஓ-ஜி-இ-டி). சில தனி எல்லைகளுக்கு மட்டும் 'பிர்கெடோமர்', இதுல மட்டும்தான் அந்த டோமர் வார்த்தையே வருது.

இந்த ஹெரெட்ஸ்ஃபோகெட் தீர்ப்பு மட்டும் சொல்லல, போலீஸ் வேலையும் அவர்தான், சொத்துப் பங்கு பிரிக்கறது, ஏலம் விடறது எல்லாம் அவர் தலையிலதான். பெரியப்பா கிட்ட சொன்னேன், "அப்ப சப் கலெக்டரே மாஜிஸ்ட்ரேட்டா உக்காந்த காலம் மாதிரி"ன்னு ஒரே வரில முடிச்சுட்டார். கோர்ட்டையும் நிர்வாகத்தையும் பிரிப்போம்னு 1849 அரசியல் சட்டத்துலயே எழுதிட்டாங்க, ஆனா நிஜமா பிரிஞ்சது 1919 அக்டோபர் 1-ல. அதனால 19-ஆம் நூற்றாண்டு முழுக்க உங்க ஆளோட பேப்பர் கோர்ட் ஃபைல்ல மட்டும் இருக்காது, போலீஸ் ஃபைல், பாகப்பிரிவினை ஃபைல் எல்லாத்துலயும் சிதறிக் கிடக்கும்.

மேல்கோர்ட்டுக்கு வேற பேர். 1805-லேர்ந்து 1919 வரைக்கும் ரெண்டு மேல்கோர்ட், ஒண்ணு யூட்லேண்ட் பக்கத்துக்கு வீபோர்க்ல, இன்னொண்ணு கோபன்ஹேகன்ல. கோபன்ஹேகன்ல இருந்ததோட முழுப் பேரு 'லான்ஸ்ஓவர் சாம்ட் ஹொஃப் ஓ ஸ்டாட்ஸ்ரெட்', ஒரே மூச்சுல சொல்லிட்டா உங்களுக்கு டீ என் செலவு. அதுக்கு மேல 'ஹொயெஸ்டெரெட்', அதான் சுப்ரீம் கோர்ட், 1661-லேர்ந்து இருக்கு. இந்த மேல் கோர்ட்டுகள்ல உக்காந்த ஜட்ஜுக்கு 'அசெஸர்'னு பேர். நம்ம ஊர்ல அசெஸர்னா வரி போடறவர்னு நினைப்போம், டிரான்ஸ்லேட் ஆப்பும் அப்படித்தான் நினைக்கும், விழுந்துடாதீங்க.

ஓயர்ஸ்டெட் 1801-ல ஹொஃப் ஓ ஸ்டாட்ஸ்ரெட்ல அசெஸர், 1805-ல லான்ஸ்ஓவர்ல அசெஸர், 1810-ல ஹொயெஸ்டெரெட்ல அசெஸர். 1805-ல அவருக்கு டிரான்ஸ்ஃபர்னு நான் எழுதிட்டேன், அப்படி இல்ல, கோர்ட்டையே மாத்திக் கட்டினாங்க, ஆளு அதோடயே வந்துட்டார். 1813-ல அவர் 'டான்ஸ்கெ கான்செலி'ங்கற அரசாங்க ஆபீஸுக்குப் போயிடறார், ஆக ஜட்ஜா உக்காந்தது மொத்தம் ஒரு பன்னெண்டு வருஷம்தான். மீதி நாப்பது வருஷத்தைக் கோர்ட் ஃபைல்ல தேடினா எப்படிக் கிடைக்கும்?

3. அச்சுப் புத்தகத்துல ஆரம்பிங்க, கையெழுத்துப் பிரதிக்கு உடனே ஓடாதீங்க

பழைய சர்ச் ரெஜிஸ்டரை ஸ்கிரீன்ல பார்த்தா ஒரு கிளுகிளுப்பு வரும், நான் ஒத்துக்கறேன். ஆனா அங்க முதல்ல போனா ரெண்டு மாசம் காலி. அச்சுல இருக்கறதை முடிச்சுட்டுப் போனா எந்த வருஷம், எந்த ஊர்னு கையில இருக்கும்.

மூணு அச்சு ஆதாரம் போதும். முதலாவது டேனிஷ் வாழ்க்கை வரலாற்று அகராதி, மூணு பதிப்பு வந்திருக்கு. 1887-லேர்ந்து 1905 வரைக்கும் வந்த முதல் பதிப்பு 19 தொகுதி, ரூனெபெர்க்ங்கற தளத்துல இலவசமா இருக்கு. 1979-84-ல வந்த மூணாவது பதிப்பு லெக்ஸ் தளத்துல இருக்கு. ரெண்டையும் பாருங்க, பழசுல குடும்பக் கதை அதிகம், புதுசுல தேதி சுத்தமா இருக்கும். ஓயர்ஸ்டெட் அண்ணன் தம்பி சின்ன வயசுல ஊர்ல இருந்த ஒரு ஜெர்மன் விக் செய்யறவர் வீட்ல போய்த்தான் பாடம் படிச்சாங்கங்கறது மாதிரி விஷயமெல்லாம் இப்படித் தேடறப்பதான் சிக்குது.

ரெண்டாவது, சின்ன ஊர் ஜட்ஜா இருந்தா அகராதில பேர் வராது. அதுக்குன்னே 1736-லேர்ந்து 1936 வரைக்கும் கோபன்ஹேகன்ல சட்டப் பரீட்சை பாஸ் பண்ணவங்க பட்டியல் புத்தகம் இருக்கு, 1950-கள்ல வந்தது. டேனிஷ் வம்சாவளி ஆராய்ச்சிக்காரங்க ஒரு இலவச டிஜிட்டல் லைப்ரரி வச்சிருக்காங்க, பழைய ஆள்பட்டியல் புத்தகம்னா அங்கதான் முதல்ல தேடணும். ஒவ்வொரு ஆளுக்கும் நாலஞ்சு வரிதான், ஆனா அந்த நாலு வரில ஒரு வாழ்க்கையே அடங்கிருக்கும்.

இங்க ஒரு பொறி. சட்டப் பரீட்சை ரெண்டு வகை. லத்தீன் படிச்சு யுனிவர்சிட்டில சேர்ந்து எழுதினா 'கேண்டிடேட்'. லத்தீன் இல்லாம டேனிஷ்லயே எழுதினவங்களுக்கு 'எக்ஸாமினாட்', பேச்சு வழக்குல 'டேனிஷ் ஜூரிஸ்ட்'. டேனிஷ் ஜூரிஸ்ட்னு பார்த்த உடனே, ஆமா டென்மார்க்காரர்தானே, இதுல என்ன இருக்குன்னு தாண்டிப் போயிடாதீங்க. எந்தப் பரீட்சைங்கறதை வச்சுதான் அந்த ஆளு எது வரைக்கும் மேல போக வழி இருந்துச்சுன்னு புரியும். மார்க்கும் லத்தீன்ல இருக்கும், 'லௌட்'னு ஆரம்பிச்சா உயர்ந்த கிரேடு, 'ஹௌட்'னு ஆரம்பிச்சா அதுக்கு அடுத்தது.

மூணாவது, எனக்கு ரொம்பப் பிடிச்சது, 'ஹொஃப் ஓ ஸ்டாட்ஸ்கலெண்டர்'. வருஷா வருஷம் வந்த அரசாங்கப் பதவிப் பட்டியல். எந்தக் கோர்ட்ல யாரு, எந்த ஹெரெட்டுக்கு யாருன்னு வரிசையா இருக்கும். உங்க ஆளோட முதல் வருஷத்துலேர்ந்து கடைசி வருஷம் வரைக்கும் ஒவ்வொரு தொகுதியா திறந்து ஒரு எக்செல் ஷீட்ல போட்டுட்டே வாங்க. அலுப்பா இருக்கும், ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க ஆகும், ஆனா முடிச்சுட்டா அவரோட வேலை வாழ்க்கையோட எலும்புக்கூடு ரெடி. கவனிக்க வேண்டியது: அந்தந்த வருஷத் தொகுதி முந்தின வருஷ நிலவரத்தைத்தான் காட்டும், 1810-ல சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தவரை 1811 தொகுதில தேடுங்க. பேர்கள் சீனியாரிட்டி வரிசையில இருக்கும், அகர வரிசை பின்னாடி இன்டெக்ஸ்ல.

அந்த இன்டெக்ஸ்லயும் ஒரு விஷயம். குறுக்குக்கோடு போட்ட 'ஓ' எழுத்து அவங்களுக்கு அகர வரிசையோட கடைசில, 'இசட்'டுக்கும் அப்புறம். ஓயர்ஸ்டெட்டை 'ஓ'வுல தேடி இல்லன்னு மூடிட்டேன் ஒரு தடவை. அதே மாதிரி மேல வட்டம் போட்ட 'ஏ' எழுத்து 1948-லதான் வந்துச்சு, பழைய புத்தகத்துல அது ரெட்டை 'ஏ'. தேடும்போது ரெண்டு விதமாவும் அடிங்க.

4. பட்டமும் சுருக்கெழுத்தும்

'யுஸ்டிட்ஸ்ரோட்'னு ஒரு வார்த்தை வரும். டிரான்ஸ்லேட் பண்ணா நீதி ஆலோசகர்னு வரும். ஆகா நம்ம ஆளு பெரிய ஜட்ஜ்னு குதிக்காதீங்க. அது ராஜா குடுக்கற மரியாதைப் பட்டம், ராவ் பகதூர், திவான் பகதூர் மாதிரி. கோர்ட் வாசப்படியே மிதிக்காதவங்களுக்கும் கிடைக்கும். 'கம்மர்ரோட்', 'எடாட்ஸ்ரோட்', 'கொன்ஃபெரென்ஸ்ரோட்' எல்லாம் இதே ரகம், பின்னாடி சொன்னது மேல் படி. முன்னாடி 'விர்கெலி'ன்னு இருந்தா நிஜமானன்னு அர்த்தம் வரும், அப்பவும் அது பட்டம்தான், பதவி இல்ல. நோட்ல பதவிக்கு ஒரு காலம், பட்டத்துக்கு ஒரு காலம்னு தனித்தனியா போடுங்க.

இதைவிட மோசமா நான் மாட்டினது 'அஃப்ஸ்கெட்'. டிரான்ஸ்லேட் ஆப் 'பணிநீக்கம்'னு காட்டிச்சு. ஒரு சின்ன ஊர் ஜட்ஜைப் பழகறதுக்காகப் பார்த்துட்டு இருந்தேன், அவரை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்கன்னு ஒரு பத்தி சோகமா எழுதி, என்ன ஊழல் பண்ணாரோன்னு ஊகம் வேற. அந்தக் காலத்துல சாதாரணமா ரிட்டயர் ஆனாலும் அஃப்ஸ்கெட்தான். கூட 'இ நோடெ'ன்னு இருந்தா ராஜாவோட நல்லெண்ணத்தோட போனார்னு அர்த்தம், கௌரவமான ஓய்வு. செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆன மனுஷன் மேல பழி போட்டுட்டேன், நல்லவேளை யாருக்கும் அனுப்பல.

மத்த சுருக்கங்கள்: 'கே-எஸ்-டி' புள்ளி வச்சா தற்காலிகப் பொறுப்பு, நிரந்தர நியமனம் இல்ல. 'எஸ்' புள்ளி 'ஏ' புள்ளின்னா அதே வருஷம், 'எஸ்' புள்ளி 'டி' புள்ளின்னா அதே தேதி. 'ஆர்' புள்ளிக்கப்புறம் 'டி' வந்தா டானெப்ரோங்கற டேனிஷ் அரச விருது வாங்கின நைட்.

5. சர்ச் ரெஜிஸ்டர்

இப்பதான் ரிக்ஸ்ஆர்கிவெட் பக்கம் வரணும், அதான் டேனிஷ் தேசிய ஆவணக் காப்பகம். அவங்க தளத்துல ஆர்கிவாலியர் ஆன்லைன்னு ஒரு பகுதி, ஸ்கேன் பண்ண சர்ச் ரெஜிஸ்டர், சென்சஸ் எல்லாம் இலவசம். 'அம்ட்' (ஜில்லா), அப்புறம் 'ஹெரெட்', அப்புறம் 'சோன்' (சர்ச் வட்டம்)னு இறங்கிப் போகணும். ஊர் பேர் மட்டும் தெரிஞ்சா போதாது, அது எந்த சோன்னு முதல்ல கண்டுபிடிங்க. கோபன்ஹேகன்ல ஏகப்பட்ட சர்ச், அதனால தலைவலி டபுள்.

1814-க்கு முன்னாடி, பின்னாடின்னு ரெண்டா பிரிச்சுக்கோங்க. 1814-க்கு அப்புறம் அச்சடிச்ச ஃபாரம், கட்டம் கட்டமா இருக்கும், ஆண் பெண் தனி, ரெண்டு பிரதி எழுதி வச்சாங்க, ஒண்ணு படிக்க முடியலன்னா இன்னொண்ணைப் பாருங்க, அதுல வேற கையெழுத்தா இருக்க வாய்ப்பு உண்டு. 1814-க்கு முன்னாடி பாதிரியார் இஷ்டம்தான். பல பேர் தேதியே போட மாட்டாங்க, திரித்துவ ஞாயிறுக்கு அப்புறம் மூணாவது ஞாயிறுன்னு லத்தீன்ல சுருக்கி எழுதியிருப்பாங்க. அதை நிஜத் தேதியா மாத்திக் குடுக்கற பண்டிகைக் காலண்டர் ஆன்லைன்லயே இருக்கு, வருஷத்தைப் போட்டா வந்துடும்.

இன்னொண்ணு, அப்ப பெரும்பாலும் எழுதினது ஞானஸ்நானத் தேதி, பிறந்த தேதி இல்ல. டிசம்பர் 21-ல பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் அடுத்த வருஷப் பக்கத்துக்குத் தள்ளிப் போயிருக்கலாம், அதனால 1778-ல கிடைக்கலன்னா 1779-ஓட முதல் பக்கங்களையும் புரட்டுங்க.

உறுதிப்பூசுதல் (கன்ஃபர்மேஷன் சடங்கு) பக்கத்தைப் பல பேர் விட்டுடறாங்க. 1810 சட்டப்படி அம்மை குத்தியிருக்கணும், இல்ல அம்மை வந்து போயிருக்கணும், அப்பதான் அந்தச் சடங்கும் கல்யாணமும். அதனால 1814 ஃபாரம்ல அம்மை குத்தின விவரத்துக்குன்னு தனிக் கட்டமே இருக்கு. உங்க ஜட்ஜ் 1800-க்கு அப்புறம் பிறந்தவர்னா பதினாலு பதினஞ்சு வயசுல எந்த ஊர்ல இருந்தார்ங்கறதுக்கு இதுதான் நல்ல சாட்சி.

பக்கம் குறிச்சு வைக்கும்போது புத்தகத்துல இருக்கற பக்க எண்ணையும், ஸ்கிரீன்ல காட்டற 'ஓப்ஸ்லா' எண்ணையும் ரெண்டையும் எழுதுங்க. ஓப்ஸ்லான்னா விரிச்ச ரெண்டு பக்கம் சேர்ந்த ஒரு படம். நான் ஒண்ணை மட்டும் எழுதி வச்சுட்டு ரெண்டு மாசம் கழிச்சு அதே பக்கத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி ஆச்சு.

6. சென்சஸ், அதுக்கு முன்னாடி விலாசம்

1787, 1801, 1834, 1840, 1845, 1850, 1855, 1860, அப்புறம் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை. பிறந்த ஊரை 1845-லேர்ந்துதான் கேட்டாங்க, அதுக்கு முன்னாடி வயசும் தொழிலும் குடும்பமும்தான். வயசு ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருந்தா பதறாதீங்க.

கிராமம்னா ஈஸி. கோபன்ஹேகன்ல தெரு நம்பரே 1859-லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி வார்டும் மனை நம்பரும்தான். அதனால முதல்ல 'வைவீசர்'னு ஒரு விலாசப் புத்தகம், வருஷா வருஷம் வந்தது, அதுல ஆளோட விலாசத்தைப் பிடிங்க, அப்புறம் சென்சஸ்ல அந்த வீட்டுக்குப் போங்க. ஓயர்ஸ்டெட் செத்தது 1860 மே மாசம், அந்த வருஷ சென்சஸ் பிப்ரவரி 1-ல எடுத்தது, அப்ப 81 வயசுக்காரர் உசிரோட இருந்தார், அதனால பயிற்சிக்கு 1860-லேர்ந்து ஆரம்பிங்க.

வீட்ல எத்தனை வேலைக்காரங்கங்கறதையும் எழுதிக்கோங்க. சம்பளப் பட்டியல் கிடைக்காத இடத்துல ஆளோட வசதியைச் சொல்ற ஒரே ஆதாரம் சில சமயம் அதுதான்.

7. கோதிக் கையெழுத்து

பயமுறுத்தல, ஆனா கஷ்டம்தான். 1875 சுமாருக்கு முன்னாடி டேனிஷ் கையெழுத்து பெரும்பாலும் கோதிக். 'இ', 'என்', 'ஆர்' மூணும் ஒரே மாதிரி ரெண்டு கோடு. நான் பண்ண வழி இது: அச்சுப் புத்தகத்துல ஏற்கெனவே பதில் தெரிஞ்ச ஒரு பதிவை எடுத்து, அதைக் கையெழுத்துல படிச்சுப் பழகினேன். பேர், ஊர், மாசம் இதெல்லாம் என்ன இருக்கும்னு தெரியும், அதனால அந்தப் பாதிரியாரோட எழுத்து பிடிபடும். ஒரு ஏ4 தாள்ல அவர் போடற ஒவ்வொரு எழுத்தையும் பார்த்து வரைஞ்சேன், ஸ்கூல்ல ரெட்டைக்கோடு நோட்ல எழுதின மாதிரி. தினம் அரை மணி, மூணு வாரத்துல ஓரளவுக்கு வந்துச்சு.

ட்ரான்ஸ்கிரிபஸ்னு ஒரு சாஃப்ட்வேர் கையெழுத்தைப் படிச்சுக் குடுக்கும், கொஞ்சம் பக்கம் இலவசம், மேல போனா காசு. பாதி சரியா வரும். பேர்களை மட்டும் அது சொல்றதை நம்பாதீங்க. உண்மையிலேயே ஒரு வார்த்தை சிக்கலன்னா டேனிஷ் வம்சாவளிக் குழுக்கள்ல அந்த ஒரு வரியை கிராப் பண்ணிப் போட்டுக் கேளுங்க, அங்க இருக்கற ரிட்டயர் ஆன பாட்டி தாத்தாக்கள் அஞ்சு நிமிஷத்துல படிச்சுச் சொல்றாங்க. முழுப் பக்கத்தையும் போட்டு படிச்சுக் குடுங்கன்னு கேக்காதீங்க, அது மரியாதை இல்ல.

8. நியமன உத்தரவு

1848-க்கு முன்னாடி நீதித் துறை அமைச்சகமே கிடையாது. ஜட்ஜ் நியமனமெல்லாம் டான்ஸ்கெ கான்செலி வழியா. 1848-க்கு அப்புறம்தான் அமைச்சகம். இது தெரியாம 1830-ல வேலைக்கு வந்தவரை அமைச்சக ஃபைல்ல தேடினா கிடைக்காது.

ஃபைலுக்குப் போகறதுக்கு முன்னாடி அரசிதழ் பாருங்க. 1848 வரைக்கும் 'கொலேகியல் டிடென்டெ', அப்புறம் 1871 வரைக்கும் 'டெபார்டெமென்ட்ஸ் டிடென்டெ', அதுக்கப்புறம் 'மினிஸ்டீரியல் டிடென்டெ'. எந்தத் தேதில யாரை எங்க போட்டாங்கன்னு அச்சுலயே இருக்கும். தேதி கையில இருந்தா ஆர்கைவுக்கு மெயில் போடறப்ப ஒரே வரில கேக்கலாம், தேதி இல்லாம கேட்டா நீங்களே வந்து பாருங்கன்னுதான் பதில் வரும்.

இப்ப ஒரு ரகசியம் மாதிரி. டானெப்ரோ விருது வாங்கினவங்க தங்களோட வாழ்க்கைக் குறிப்பைத் தாங்களே எழுதிக் குடுக்கறது வழக்கம், அது அரண்மனையோட விருது ஆபீஸ்ல சேர்த்து வச்சிருக்காங்க. நாலாவது பகுதியில பார்த்த அந்த 'ஆர்' புள்ளி இருந்தா, உங்க ஜட்ஜ் தன் கையால தன்னைப் பத்தி எழுதின பக்கம் இருக்க வாய்ப்பு இருக்கு. விருது வருஷத்தையும் பிறந்த தேதியையும் குறிச்சு மரியாதையா ஒரு மெயில் போடுங்க. ஓயர்ஸ்டெட் கதை வேற, அவர் நாலு தொகுதி சுயசரிதையே எழுதிட்டார், 1851-57-ல வந்தது. அதுல அவர் தன் பக்க நியாயத்தைச் சொல்றார்ங்கறதை மனசுல வச்சுப் படிக்கணும், ஏன்னா எழுதிட்டு இருந்த காலத்துலதான் அவர் பிரதமரா இருந்து பதவி இழந்து, அனுமதியில்லாம ராணுவச் செலவு பண்ணாங்கன்னு அவர் மந்திரிசபை மேல வழக்கு வந்து, 1856-ல விடுதலை ஆனார். ஆயுசு முழுக்க சட்டம் எழுதினவர் கடைசில குற்றவாளிக் கூண்டுல!

9. சம்பளம், சொத்து

தொகை பார்த்தா உடனே பக்கத்துல வருஷத்தைப் போடுங்க. 1813 ஜனவரில டேனிஷ் அரசாங்கமே திவாலாகி, பழைய ரிக்ஸ்டாலர் ஆறு குடுத்தா புதுசு ஒண்ணுன்னு ஆச்சு. 1812 சம்பளத்தையும் 1814 சம்பளத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு சம்பளத்தைக் குறைச்சுட்டாங்கன்னு எழுதக் கூடாது. 1 ரிக்ஸ்டாலர் 96 ஸ்கில்லிங். 1875-ல க்ரோன் வந்துச்சு, 1 ரிக்ஸ்டாலருக்கு 2 க்ரோன். கிராமத்து ஜட்ஜுக்குச் சம்பளத்தைவிட கேஸுக்கு இவ்வளவு, ஏலத்துக்கு இவ்வளவுன்னு ஃபீஸ் வருமானம் முக்கியம், அதனால சம்பளக் கட்டத்துல சின்னத் தொகை இருந்தா ஏழைன்னு நினைக்காதீங்க.

சொத்துக்கு 'ஸ்கிஃப்டெ' ரெஜிஸ்டர், ஆளு செத்த அப்புறம் பாகம் பிரிச்சது. கிடைச்சா லாட்டரி, கரண்டி வரைக்கும் எண்ணி எழுதியிருப்பாங்க. கிடைக்கலன்னா சொத்து இல்லன்னு அர்த்தம் இல்ல, மனைவி உயிரோட இருந்தா பிரிக்காமலே அவங்க கையில விட்டுடறதுக்கு வழி இருந்துச்சு. அப்ப மனைவி செத்த வருஷத்துல தேடுங்க.

10. டென்மார்க்குக்கு வெளிய வேலை பார்த்தவர்னா

1814 வரைக்கும் நார்வேயும் அவங்க கையில, 1864 வரைக்கும் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைனும். உங்க ஆளு நடுவுல பத்து வருஷம் காணாமப் போனா அங்க பாருங்க. ஐஸ்லாந்து, மேற்கிந்தியத் தீவுகள், அப்புறம் நம்ம தரங்கம்பாடி. 1845-ல வங்காளத்து ஸ்ரீராம்பூரோட சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ் கம்பெனிக்கு வித்துட்டுப் போனாங்க, அது வரைக்கும் தரங்கம்பாடில பெரும்பாலும் டேனிஷ் அதிகாரிகள்தான். ஸ்டாட்ஸ்கலெண்டர்ல காலனிகளுக்குத் தனிப் பகுதி இருக்கு, அங்க முதல்ல பேரைப் பிடிங்க. பேப்பர்கள் பெரும்பகுதி கோபன்ஹேகன்லதான், எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துலயும் டேனிஷ் காலத்து ஆவணங்கள் கொஞ்சம் இருக்கு.

11. நியூஸ்பேப்பர்

டேனிஷ் ராயல் லைப்ரரியோட மீடியெஸ்ட்ரீம்ங்கற தளம். நூறு வருஷத்துக்கு மேல பழைய பேப்பர் வீட்லேர்ந்தே படிக்கலாம். பழைய அச்சு ஃபிராக்டுர், அதுல நீள 'எஸ்' பார்க்க 'எஃப்' மாதிரி இருக்கும், கம்ப்யூட்டரும் குழம்பும். அதனால பேர்ல 'எஸ்' இருந்தா 'எஃப்' போட்டும் ஒரு தடவை தேடுங்க. மரண அறிவிப்புக்கு, இறந்த தேதிலேர்ந்து ஒரு வாரம் வரைக்கும் கையாலயே புரட்டறது தேடல் பெட்டில அடிக்கறதைவிட வேகம்.

செலவும் நேரமும்

எனக்கு மொத்தமா ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுது, பெரும்பாலும் பிரிண்ட் அவுட்டும் ரெண்டு லாங்சைஸ் நோட்டும். ஆன்லைன்ல இல்லாத ஃபைலை ஸ்கேன் பண்ணிக் கேட்டா தனிக் கட்டணம், கேக்கறதுக்கு முன்னாடி எத்தனை பக்கம்னு கேட்டுட்டு ஒத்துக்கோங்க. நேரம்னு பார்த்தா, அச்சுப் புத்தகம் ரெண்டு மூணு வாரக் கடைசி, கோதிக் பழக ஒரு மாசம், சர்ச் ரெஜிஸ்டரும் சென்சஸும் ரெண்டு மாசம், அப்புறம் ஆர்கைவ் பதிலுக்குக் காத்திருக்கறது. எனக்கு ஒரு பதில் வர மூணு வாரம் ஆச்சு, இன்னொண்ணு மறுநாளே வந்துச்சு.

மெயிலை டேனிஷ்ல ஆப் வச்சு எழுதாதீங்க, எளிய இங்கிலீஷ்ல போதும், நல்லாவே பதில் சொல்றாங்க. அங்க காலைல ஆபீஸ் திறக்கறப்ப இங்க மதியம் தாண்டியிருக்கும், கோடையில மூணரை மணி நேரம், குளிர்காலத்துல நாலரை மணி நேரம் அவங்க பின்னாடி. ஜூலையில மட்டும் அனுப்பாதீங்க, பாதி நாடே லீவுல இருக்கும்.